கணிதமேதை சீனிவாச இராமானுஜன்
(1887 – 1920)



க.பொ.த. சாதாரண தரக் கணித பாடத்தில் காரணிகள், முதன்மை எண்கள், சுட்டிகள் ஆகிய அலகுகளை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஓர் எண்ணை முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதுவது பரீட்சையில் இரண்டு மூன்று புள்ளிகளுக்குரிய சிறிய வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். அந்தச் சிறிய வேலையிலிருந்து தொடங்கி உலகின் முன்னணிக் கணிதவியலாளர்களை வியக்க வைத்தவர் ஒரு தமிழ்நாட்டு இளைஞர். அவர் கல்லூரிப் பரீட்சையில் இரு தடவைகள் சித்தியடையத் தவறியவர். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்துக்கு எழுதுவினைஞராக இருந்தவர். 32 வயதிலேயே மறைந்தவர். அவரே சீனிவாச இராமானுஜன்.

இப்பாடத்தில் அவரது வாழ்க்கையையும், அவர் ஆராய்ந்த ஒரு பெரிய முழுவெண்ணின் இயல்புகளையும் சேர்த்தே கற்போம். அந்த எண் 6 746 328 388 800 ஆகும்.

1. பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22 ஆம் திகதி தமிழ்நாட்டின் ஈரோடு என்னும் ஊரில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதுபவராக வேலை செய்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சிறு வருமானம் பெற்றார். வறுமை நிறைந்த குடும்பம். இரண்டு வயதில் இராமானுஜனுக்குப் பெரியம்மை நோய் கண்டது. அந்நோயினால் அக்காலத்தில் பல பிள்ளைகள் இறந்தனர்; இராமானுஜன் பிழைத்துக் கொண்டார். அவருக்கு அடுத்துப் பிறந்த குழந்தைகள் சிலர் ஒரு வயதை எட்டுமுன்னரே இறந்தனர்.

1897 ஆம் ஆண்டு நடைபெற்ற ஆரம்பக் கல்விப் பரீட்சையில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். பின்னர் கும்பகோணம் நகர உயர்தரப் பாடசாலையில் சேர்ந்தார். பதின்மூன்று வயதளவில் லோனி என்பவர் எழுதிய திரிகோணகணித நூலைத் தாமே கற்றுத் தேர்ந்தார். 1903 இல் அவர் கைக்கு மற்றொரு நூல் கிடைத்தது. கார் என்பவர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5000 கணித முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிறுவல்கள் கிடையா. வேறொருவர் அதனை ஒரு சூத்திரப் பட்டியல் என்று மூடி வைத்திருப்பார். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் ஒரு வினாவாகக் கொண்டு, அது எவ்வாறு பெறப்பட்டிருக்கலாம் என்று தாமே தேடத் தொடங்கினார். அந்தத் தேடலே அவரைக் கணிதவியலாளர் ஆக்கியது.

2. பரீட்சைத் தோல்விகள்

1904 இல் பாடசாலையில் கணிதப் பரிசு பெற்று, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தார். அங்குதான் சோதனை காத்திருந்தது. கணிதத்தைத் தவிர வேறெந்தப் பாடத்திலும் அவர் மனம் செல்லவில்லை. ஏனைய பாடங்களில் தோல்வியடைந்தமையால் புலமைப்பரிசில் நிறுத்தப்பட்டது. கல்லூரிக் கட்டணத்தைத் தந்தையின் சம்பளத்தால் கட்ட முடியாது. 1905 இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். சிறிது காலத்தின் பின்னரே திரும்பினார். 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். அக்காலப் பல்கலைக்கழக முதற்கலைப் பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தாலன்றி மேலே செல்ல முடியாது. 1906 இலும் 1907 இலும் அவர் அப்பரீட்சையில் தோல்வியுற்றார்.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். தாள் விலை கூடிய பொருள். ஆகவே சிலேட்டில் வேலை செய்து, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மட்டும் கொப்பியில் பதிந்தார். அவரது கொப்பிகளில் முடிவுகள் மட்டும் இருந்து, படிமுறைகள் இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

3. துறைமுக எழுதுவினைஞர்

1909 இல் அவருக்கும் ஜானகி அம்மாளுக்கும் திருமணம் நடந்தது. இனி வருமானம் வேண்டும். 1910 இல் தம் கொப்பிகளைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்று, இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். அரசாங்க அலுவலராகிய அவர் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்ததும் அவற்றின் பெறுமதியை உணர்ந்து, சென்னையிலுள்ள நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். அதன் வழியே நெல்லூர் மாவட்டக் கலெக்டர் இராமச்சந்திர ராவின் தொடர்பு கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபா தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து உதவினார். 1911 இல் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதச் சங்கச் சஞ்சிகையில் வெளியாயிற்று.

பிறர் பணத்தில் வாழ்வதை இராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச் 1 ஆம் திகதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அங்கு தலைமைக் கணக்காளர் நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிறிங்கும் அவருடைய திறமையை மதித்தனர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இராமானுஜனை உலகம் அறிவதற்கு முன்னர், அவருடைய கொப்பியைத் திறந்து பார்க்கப் பொறுமை கொண்ட சிலர் அவருக்குக் கிடைத்தனர். அவரும் கூச்சப்பட்டு வீட்டிலிருக்காமல் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார். இவ்விரண்டும் சேர்ந்தே வழி திறந்தது.

4. கேம்பிரிட்ஜுக்குச் சென்ற கடிதம்

இராமானுஜன் தம் முடிவுகளை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் இருவருக்கு அனுப்பினார், உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 ஆம் திகதியிட்டு மூன்றாமவருக்கு எழுதினார். அவர் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜி. எச். ஹார்டி. கடிதத்துடன் ஏறத்தாழ 120 தேற்றங்கள் இணைக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் இல்லை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வூட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்தார். சில முன்பே அறியப்பட்டவை, சில பிழையானவை, சில எவரும் கண்டிராதவை. அவற்றை எழுதியவர் உயர்ந்த ஆற்றல் படைத்த ஒருவர் என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர்.

அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபா ஆய்வுப் புலமைப்பரிசில் வழங்கியது. முதற்கலைப் பரீட்சையிற் சித்தியடையாதவருக்கு அப்பல்கலைக்கழகம் அளித்த பெரிய மதிப்பு இது. கடல் கடந்து செல்வது அவரது குடும்பத்து ஆசாரத்துக்கு மாறானதாகக் கருதப்பட்டமையால் முதலில் தயங்கினார். பின்னர் தாயாரின் சம்மதம் கிடைத்தது. 1914 மார்ச் 17 ஆம் திகதி சென்னையிலிருந்து கப்பலேறி, ஏப்ரல் மாதம் இலண்டனை அடைந்தார்.

ஹார்டி அவருக்கு இரண்டு விடயங்களைக் கற்பிக்க முயன்றார். ஒன்று, அவர் அறியாதிருந்த நவீன கணிதப் பகுதிகள். மற்றையது நிறுவலின் அவசியம். உண்மையை உள்ளுணர்வால் காணுதல் ஒரு பங்கு. அதைப் பிறர் ஐயமின்றி ஏற்கும்படி படிப்படியாகக் காட்டுதல் மறுபங்கு. கணித வினாத்தாளில் விடைக்கு மட்டுமன்றிப் படிமுறைக்கும் ஏன் புள்ளி வழங்கப்படுகின்றது என்பதை இதனோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம்.

5. உயர் சேர்த்தி எண்கள்

1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இராமானுஜனின் நீண்ட கட்டுரையொன்று வெளியானது. அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட அக்கட்டுரையின் பொருள் உயர் சேர்த்தி எண்கள் ஆகும். அவற்றை எளிய உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம்.

ஒருவர் தம் காணியில் தென்னங்கன்றுகளைச் சம நிரைகளாக நட விரும்புகிறார். கையில் 59 கன்றுகள் இருந்தால் ஒரே நிரையாகத்தான் நடலாம்; ஏனெனில் 59 ஒரு முதன்மை எண். 61 கன்றுகள் என்றாலும் அதே நிலைதான். 60 கன்றுகள் இருந்தால் 1 × 60, 2 × 30, 3 × 20, 4 × 15, 5 × 12, 6 × 10 என்று ஆறு விதமாக நடலாம். 60 இற்கு 12 காரணிகள் உள்ளன. 60 ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை.

வரைவிலக்கணம்: தன்னிலும் சிறிய எல்லா முழுவெண்களையும் விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட முழுவெண் உயர் சேர்த்தி எண் எனப்படும்.

இவ்வரிசையின் முதல் எண்களும் அவற்றின் காரணிகளின் எண்ணிக்கையும் வருமாறு:

எண்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120
காரணிகள்: 1, 2, 3, 4, 6, 8, 9, 10, 12, 16

1, 2 ஆகியன சேர்த்தி எண்கள் அல்லவெனினும் வரைவிலக்கணப்படி இவ்வரிசையில் இடம்பெறுகின்றன. ஒரு டசின் 12, ஒரு நாள் 24 மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் 60 நிமிடம், ஒரு வட்டம் 360 பாகை. இவை யாவும் உயர் சேர்த்தி எண்களே. மீதியின்றிப் பல விதமாகப் பங்கிட முடிவது இவ்வெண்களின் சிறப்பு.

காரணிகளின் எண்ணிக்கையைக் காணும் முறை: எண்ணை முதன்மைக் காரணிகளின் வலுக்களாக எழுதுக. ஒவ்வொரு சுட்டியுடனும் 1 ஐக் கூட்டுக. வரும் எண்களைப் பெருக்குக.

உதாரணம்: 60 = 2² × 3 × 5. சுட்டிகள் 2, 1, 1. ஆகவே காரணிகளின் எண்ணிக்கை 3 × 2 × 2 = 12.

காரணம் எளிது. 60 இன் காரணி ஒன்றை அமைக்கும்போது 2 ஐ எடுக்காமலோ, ஒரு தரமோ, இரண்டு தரமோ எடுக்கலாம், மூன்று வழிகள். 3 ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழிகள். 5 இற்கும் இரண்டு வழிகள். இவற்றின் பெருக்கமே விடை.

இராமானுஜன் இவ்வெண்களின் முதன்மைக் காரணிகளில் ஓர் ஒழுங்கைக் கண்டார்.

(அ) முதன்மை எண்கள் 2 இலிருந்து இடைவெளியின்றித் தொடர்ந்து வரவேண்டும். 2 × 5 = 10 இற்கு 4 காரணிகள். 5 இற்குப் பதிலாக 3 ஐ இட்டால் 6. அதற்கும் 4 காரணிகளே. சிறிய எண்ணிலேயே அதே பயன் கிடைப்பதால் 10 தகுதி பெறாது.

(ஆ) சுட்டிகள் இடமிருந்து வலமாக ஏறக்கூடாது. 2 × 3² = 18 இற்கு 6 காரணிகள். சுட்டிகளை மாற்றி 2² × 3 = 12 என எழுதினால் அதற்கும் 6 காரணிகள். ஆகவே 18 தகுதி பெறாது.

(இ) கடைசி முதன்மைக் காரணியின் சுட்டி 1 ஆகவே இருக்கும். இதற்கு விதிவிலக்கு 4 உம் 36 உம் மட்டுமே.

இவ்வாய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வுப் பட்டம் வழங்கியது. இரு தடவைகள் தோற்றவர் பட்டதாரியானார்.

6. பட்டியலின் கடைசி எண்

கட்டுரையில் இராமானுஜன் 102 உயர் சேர்த்தி எண்களைப் பட்டியலிட்டார். கணிப்பான் இல்லாத காலம். யாவும் கையால் செய்த வேலை. பட்டியலின் கடைசி எண்:

6 746 328 388 800

ஆறு திரில்லியன் எழுநூற்று நாற்பத்தாறு பில்லியன் முந்நூற்று இருபத்தெட்டு மில்லியன் முந்நூற்று எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு என்று இதனை வாசிப்போம். 13 இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் இரண்டு தசமதானங்களுக்குத் திருத்தமாக 6.75 × 10¹² என எழுதலாம். இதன் முதன்மைக் காரணிகள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

மேற்சொன்ன மூன்று விதிகளையும் இதில் ஒப்பிட்டுப் பாருங்கள். முதன்மை எண்கள் 2 முதல் 23 வரை ஒன்றும் விடாமல் வருகின்றன. சுட்டிகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என ஏறாமல் செல்கின்றன. கடைசிச் சுட்டி 1.

காரணிகளின் எண்ணிக்கை: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 315 × 32 = 10 080.

இவ்வெண்ணின் வேறு சில இயல்புகள்:

• 1 தொடக்கம் 28 வரையுள்ள ஒவ்வொரு முழுவெண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். உதாரணமாக 28 = 2² × 7; இரண்டுமே மேலேயுள்ள பெருக்கத்தில் உள்ளன. 29 ஆல் மட்டும் முதன்முதலில் வகுபடாது. 29 ஒரு முதன்மை எண், அது பெருக்கத்தில் இல்லை.
• இலக்கங்களின் கூட்டுத்தொகை 63. அது 9 ஆல் வகுபடுவதால் எண்ணும் 9 ஆல் வகுபடும்.
• இதன் ஈற்றில் இரண்டு பூச்சியங்கள் மட்டுமே உள்ளன. 10 = 2 × 5. பெருக்கத்தில் 5 இரண்டு தரமே வருவதால் 10 ஐ இரண்டு தரமே ஆக்க முடியும்.

இனி ஒரு முக்கியமான செய்தி. இராமானுஜனின் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. கடைசி எண்ணை 23 ஆல் வகுத்துப் பாருங்கள். 293 318 625 600 கிடைக்கும். அதுவும் ஓர் உயர் சேர்த்தி எண். அதற்கு 5040 காரணிகள் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட எண்களைச் சரியாகக் கண்ட மேதையின் பார்வையிலிருந்து இந்த ஒன்று தப்பிவிட்டது. பின்வந்தோர் அதனைக் கண்டு பட்டியலை நிறைவு செய்தனர். இதனால் இராமானுஜனின் பெருமை குறையவில்லை. எவருடைய வேலையையும் மீண்டும் சரிபார்க்கலாம், சரிபார்க்க வேண்டும் என்பதே கணிதத்தின் நேர்மை. பரீட்சை மண்டபத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை விடைகளைச் சரிபார்க்க ஒதுக்குமாறு ஆசிரியர்கள் கூறுவதும் இதனாலேயே.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் கணிதச் சங்கம் பண நெருக்கடியில் இருந்தது. எனவே அக்கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி விளக்கக் குறிப்புகளுடன் 1997 இலேயே, இராமானுஜனின் பெயரைத் தாங்கிய கணிதச் சஞ்சிகையில், வெளியானது. எழுதி ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின்னரும் அது ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது.

7. பிற கண்டுபிடிப்புகள்

எண் பிரிப்பு: 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரித்து எழுதலாம். எண் வளர வளர விதங்கள் மலைபோற் பெருகும். 100 ஐ 190 569 292 விதமாகப் பிரிக்கலாம். 200 ஐப் பிரிக்கும் விதங்கள் 3 972 999 029 388 ஆகும். இவ்வெண்ணிக்கையைக் காண்பதற்கு இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து 1918 இல் ஒரு சூத்திரம் வெளியிட்டனர். மக்மேகன் என்பவர் கையால் கணித்துப் பெற்ற விடையுடன் அதனை ஒப்பிட்டனர். 200 இற்குச் சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது கிடைத்த பெறுமானம் உண்மை விடையிலிருந்து 0.004 மட்டுமே விலகியிருந்தது.

1729: நோயுற்றிருந்த இராமானுஜனைப் பார்க்க ஹார்டி ஒருமுறை வாடகைக் காரில் சென்றார். காரின் இலக்கம் 1729. அதில் சிறப்பு எதுவுமில்லை என்று ஹார்டி கருதினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு நேர் முழுவெண்களின் கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார்.

1³ + 12³ = 1 + 1728 = 1729
9³ + 10³ = 729 + 1000 = 1729

8. நோயும் மறைவும்

இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துவரவில்லை. மரக்கறி உணவு மட்டுமே உண்பவராதலால் தாமே சமைத்தார். 1914 இல் தொடங்கிய போரினால் காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. நேரத்துக்கு உண்ணாமல், உறங்காமல் வேலை செய்தார். 1917 இல் கடும் நோய்வாய்ப்பட்டு, பல மாதங்களை வைத்தியசாலைகளில் கழித்தார். காச நோயென அப்போது வைத்தியர்கள் கருதினர். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என 1994 இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. அது சரியாயின், அன்றிருந்த மருத்துவத்தாலேயே அவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது.

நோயின் நடுவே பெருமைகள் வந்தன. 1918 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். இப்பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அதே ஆண்டு ஒக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு உறுப்பினரானார். இவ்விடத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அதற்கு 1919 ஜனவரியில் அவர் எழுதிய பதில் நாம் என்றும் மறக்கக்கூடாதது. பெற்றோருக்கும் தமது அவசியச் செலவுகளுக்கும் போக எஞ்சும் பணத்தை, ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பாடசாலைக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுமாறு அவர் கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டவர் அதனை மறக்கவில்லை.

1919 மார்ச்சில் நாடு திரும்பினார். உடல் தேறவில்லை. படுக்கையிலும் எழுதிக்கொண்டேயிருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் முற்றிலும் புதிய வகைச் சார்புகளைப் பற்றிக் குறிப்பிட்டார். 1920 ஏப்ரல் 26 ஆம் திகதி சென்னையில் காலமானார். ஜானகி அம்மாள் தையல் தொழில் செய்து வாழ்ந்து, 1994 இல் மறைந்தார்.

இராமானுஜன் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1976 இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோர்ஜ் அன்றூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். அவரது கொப்பிகளிலுள்ள முடிவுகளுக்கு நிறுவல் எழுதும் பெரும் பணியை புறூஸ் பெர்ன்ட் மேற்கொண்டார். 1985 தொடக்கம் 1998 வரை ஐந்து பாகங்கள் வெளிவந்தன. சிலேட்டில் அழிந்துபோன படிமுறைகளை மீண்டும் எழுதுவதற்கு அறிஞர்களுக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்தியாவில் 2012 முதல் டிசம்பர் 22 ஆம் திகதி தேசியக் கணித தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

9. நாம் பெறும் படிப்பினை

இராமானுஜன் பரீட்சையில் தோற்றவர்தானே, நாமும் விரும்பிய பாடத்தை மட்டும் படித்தாலென்ன என்று சில மாணவர்கள் வகுப்பில் கேட்பதுண்டு. அவர் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். அத்தோல்விகள் அவருக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளை இழக்கச் செய்தன. முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த ஒருவருக்கு ஏழு ஆண்டுகள் சிறிய இழப்பல்ல. எனவே எல்லாப் பாடங்களிலும் சித்தியடைய முயலுங்கள். அதேவேளை, பெறுபேற்றுத் தாளில் ஒரு பாடத்துக்கு எதிரே சித்தியின்மை குறிக்கப்பட்டு வந்துவிட்டால், அதுவே உங்கள் முழு அளவுகோல் என்று மனமுடைந்துவிடாதீர்கள். அந்தத் தாள் 1907 இல் இராமானுஜனைப் பற்றியும் தவறாகவே சொன்னது. மறுபடி எழுதுங்கள், உங்கள் வேலையைப் பார்க்கத் தகுந்தவரிடம் கொண்டுசென்று காட்டுங்கள்.

வட்டை வேலையும் கடல் வேலையும் செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் நிறைந்த பகுதி எங்களுடையது. புடைவைக் கடைக் கணக்கெழுதுபவரின் மகன் கண்ட எண்கள் நூறு ஆண்டுகளின் பின்னரும் பயன்படுகின்றன என்பதை அறிந்துகொள்ளும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு நிச்சயமாக உண்டு.

நினைவிற் கொள்க

• 1887 – ஈரோட்டில் பிறப்பு
• 1906, 1907 – முதற்கலைப் பரீட்சையில் தோல்வி
• 1912 – சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர்
• 1913 – ஹார்டிக்குக் கடிதம்
• 1914 – இங்கிலாந்துப் பயணம்
• 1915 – உயர் சேர்த்தி எண்கள் பற்றிய கட்டுரை
• 1916 – ஆய்வுப் பட்டம்
• 1918 – றோயல் சங்க அங்கத்தவர்
• 1920 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. 360 ஐ முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதி, அதன் காரணிகளின் எண்ணிக்கையைக் காண்க.
2. 5040 இற்கு எத்தனை காரணிகள் உள்ளன?
3. 64, 60 ஆகிய இரு எண்களுள் கூடுதலான காரணிகளைக் கொண்டது எது? 64 ஏன் உயர் சேர்த்தி எண் அன்று?
4. 6 746 328 388 800 என்ற எண் 29 ஆல் ஏன் வகுபடாது? 30 ஆல் வகுபடுமா?
5. 5 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்து எழுதலாம்? எல்லாவற்றையும் எழுதுக.
6. இராமானுஜனின் கொப்பிகளில் படிமுறைகள் இல்லாமைக்கு ஒரு காரணம் தருக. அதனால் பின்வந்தோருக்கு ஏற்பட்ட வேலை யாது?

விடைகள்: (1) 2³ × 3² × 5, 24. (2) 2⁴ × 3² × 5 × 7, 60. (3) 60 இற்கு 12, 64 இற்கு 7. தன்னிலும் சிறிய 60 இற்குக் கூடுதலான காரணிகள் இருப்பதால் 64 தகுதி பெறாது. (4) 29 முதன்மை எண், பெருக்கத்தில் இல்லை; 30 = 2 × 3 × 5, ஆகவே வகுபடும். (5) 7 விதங்கள்: 5, 4+1, 3+2, 3+1+1, 2+2+1, 2+1+1+1, 1+1+1+1+1. (6) பாடத்தின் 2 ஆம், 8 ஆம் பகுதிகளை வாசித்துச் சொந்த வசனத்தில் எழுதுக.